மூன்றாவது வரிசையில் நிற்போம்

(படைவீரரின் இறுதி மரியாதையில் ஊரார் நடந்துகொள்ள வேண்டிய முறை பற்றிக் காரைக்குடியில் ஆற்றிய சொற்பொழிவு)



நான் இன்று எடுத்துக்கொண்டது மங்கலமான பொருள் இல்லை. மேடையேறிச் சாவைப் பற்றிப் பேச வேண்டுமா என்று சிலருக்குத் தோன்றலாம். பேசத்தான் வேண்டும். நம் செட்டிநாட்டில் எதற்குத்தான் முறை இல்லை? பெண் பார்ப்பதற்கு முறை உண்டு. படைப்புக்கு முறை உண்டு. கேதம் கேட்கப் போவதற்கும் முறை உண்டு. யார் முதலில் உள்ளே போவது, யார் கோடி போடுவது, யார் நீர்மாலைக்குப் போவது என்று எல்லாவற்றையும் பெரியவர்கள் வகுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் மூவண்ணக் கொடி போர்த்திய ஒரு பெட்டி ராணுவ வண்டியில் நம் ஊருக்குள் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது நாம் என்ன செய்ய வேண்டும்? எங்கே நிற்க வேண்டும்? எதைப் பேசலாம், எதைப் பேசக் கூடாது? இதை நமக்கு யார் சொல்லித் தந்தார்கள்?

யாரும் சொல்லித் தரவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1962 சீனப் போரிலும், 1965, 1971 பாகிஸ்தான் போர்களிலும் இறந்த வீரர்களுக்குப் பெரும்பாலும் களத்திலேயே இறுதிக் கடன் முடிந்துவிடும். ஊருக்கு வந்தது ஒரு தந்தி. பிறகு அவருடைய உடைமைகள். அவ்வளவுதான். உடலை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்ப்பது பெரிய அளவில் வழக்கமானது 1999 கார்கில் போரில்தான். திருச்சியைச் சேர்ந்த மேஜர் சரவணன் அந்த ஆண்டு மே 29 அன்று பட்டாலிக் மலைப் போரில் வீழ்ந்தார். ஒரு மாதத்துக்கும் மேலாக அவர் உடலை மீட்க முடியவில்லை. மீட்டதும் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். அன்றைக்குத் திருச்சியே தெருவில் நின்றது.

ஆக, ஊருக்குள் ராணுவ மரியாதை என்பது நம் தாத்தாக்கள் பார்க்காத ஒன்று. அவர்கள் பார்க்காததை அவர்களால் எப்படிச் சொல்லித் தர முடியும்? அந்த முறையை வகுக்க வேண்டிய தலைமுறை நாம்தான். அதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க வந்திருக்கிறேன்.

வீரனின் சாவை மதிக்கத் தமிழனுக்குத் தெரியாதா என்று கேட்பீர்கள். நன்றாகத் தெரியும். கல்லைத் தேர்ந்து காண்பது, கால்கொள்வது, நீரில் இடுவது, நடுவது, படையலிடுவது, வாழ்த்துவது என்று நடுகல்லுக்கு ஆறு படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006-இல் தமிழி எழுத்துப் பொறித்த நடுகற்கள் கிடைத்தன. ஆநிரைப் பூசலில் இறந்தவனின் பெயரை ஊரார் மறக்காமல் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். புறநானூற்றில் ஒரு புலவர், பறையோடு அந்த வழியே போகும் இரவலனிடம், கல்லாகி நிற்பவனைத் தொழாமல் கடந்து போய்விடாதே என்று கேட்டுக்கொள்கிறார். வழிப்போக்கனுக்கும் கடமை உண்டு என்று சொன்ன மரபு இது.

இதே சிவகங்கைச் சீமையில், 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அவர்களுக்கு மரியாதை செய்ய அன்று எந்தப் படை வந்து நின்றது? எந்தக் கொடி போர்த்தப்பட்டது? ஒன்றும் இல்லை. அவர்கள் தலைகள் அடக்கமான காளையார்கோவிலை இந்த மண்தான் மறக்காமல் காத்துவருகிறது. அரசு மதிக்காத வீரனை ஊர் மதித்த மண் இது. அந்த மண்ணில் பிறந்தவர்களுக்கு மனம் இருக்கிறது. முறைதான் இன்னும் கைவரவில்லை.

இனி நம் காலத்துக்கு வருகிறேன். தேவகோட்டை தாண்டித் திருவாடானைப் பக்கம் போனால் கடுக்கலூர். அந்த ஊர்க்காரர் ஹவில்தார் பழனி. 2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் சீனப் படையோடு நடந்த மோதலில் உயிர் கொடுத்த 20 பேரில் ஒருவர். உடல் மதுரைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து சொந்த ஊருக்கு வந்தது. ஜூன் 18 அன்று முழு ராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. கொரோனாக் காலம். கூட்டம் கூடக் கூடாத நேரம். அப்படியும் அந்தச் சின்ன ஊர் தன் பிள்ளையைத் தனியே அனுப்பிவிடவில்லை. அடுத்த ஆண்டு வீர் சக்ரா விருதை அவர் மனைவி குடியரசுத் தலைவரிடமிருந்து பெற்றுக்கொண்டார். கடுக்கலூர் நமக்கு அந்நிய ஊரா? நம் ஊர்ச் சந்தைக்கு வந்துபோகிற மக்களின் ஊர் அது. நாளைக்கு அந்தப் பெட்டி நம் தெருவுக்கும் வரலாம்.

அப்படி வரும் நாளில் நாம் மனத்தில் நிறுத்த வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த இடத்தில் மூன்று வரிசை உண்டு. முதல் வரிசை குடும்பத்துக்கு. இரண்டாவது வரிசை அவரோடு சேர்ந்து உண்டு உறங்கிய படைக்கு. மூன்றாவது வரிசைதான் நமக்கு. கலெக்டராக இருந்தாலும், கட்சித் தலைவராக இருந்தாலும், ஊர் அம்பலமாக இருந்தாலும் மூன்றாவது வரிசைதான். நான் இனிச் சொல்லப்போகும் ஒவ்வொரு முறையும் இந்த ஒன்றிலிருந்துதான் பிறக்கிறது.

முதலில் செய்தி வரும் நேரம். ஒரு வீரர் இறந்தால் அந்தச் செய்தியைக் குடும்பத்துக்கு முறைப்படி சொல்வது படையின் பொறுப்பு. அதற்கு முன்பே நம் கைப்பேசி ஓடிவிடக் கூடாது. தாய்க்குத் தெரியும் முன் தெருவுக்குத் தெரியலாமா? மனைவிக்குத் தெரியும் முன் வாட்ஸ்அப் குழுவுக்குத் தெரியலாமா? அரைகுறைச் செய்தியைப் பரப்பாதீர்கள். அவர் எந்தப் படைப்பிரிவு, எந்த முகாம் என்று விவரம் எழுதாதீர்கள். அவருடைய தோழர்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்த வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். பந்தல், தண்ணீர், நாற்காலி, வெளியூர் உறவுக்குச் சாப்பாடு, இவற்றைப் பாருங்கள். முதல் மரியாதை அதுதான்.

அடுத்து, வண்டி வரும் பாதை. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே நஞ்சப்பசத்திரத்தில் ஹெலிகாப்டர் விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேரை நாடு இழந்தது. தீப்பிடித்த இடத்துக்கு முதலில் ஓடியவர்கள் யார்? அந்த ஊர் ஏழை மக்கள். தங்கள் வீட்டுப் போர்வைகளை எடுத்துக் கொடுத்தார்கள். மறுநாள் வெலிங்டனிலிருந்து சூலூருக்கு உடல்கள் சென்றபோது சாலையின் இரு பக்கமும் மக்கள் நின்று பூத்தூவினார்கள். அவர்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. சாலையோரம் நின்றார்கள், தூவினார்கள், வழிவிட்டார்கள். நமக்கும் அதுதான் முறை. வண்டி வரும்போது நம் வாகனத்தை ஓரங்கட்டுங்கள். எஞ்சினை அணையுங்கள். இறங்கி நில்லுங்கள். தோளில் கிடக்கும் துண்டைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். பூத்தூவலாம், கைகூப்பலாம். வண்டியை நிறுத்தக் கூடாது. பின்னாலேயே நூறு மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு போகக் கூடாது. அது ஊர்வலம் இல்லை. ஒரு பிள்ளை வீடு திரும்புகிற பயணம்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் நாம் பார்த்துவிட்டோம். 2022 ஆகஸ்டில் காஷ்மீரின் ரஜௌரியில் உயிர் நீத்த மதுரை மாவட்டம் புதுப்பட்டி வீரர் லட்சுமணனின் உடல் ஆகஸ்ட் 13 அன்று மதுரை விமான நிலையத்துக்கு வந்தது. அஞ்சலி செலுத்துவதில் அரசியல் தகராறு மூண்டது. தேசியக் கொடி கட்டிய அமைச்சரின் கார் மீது காலணி வீசப்பட்டது. மறுநாள் செய்தித்தாள்களில் பேசப்பட்டது எது? அந்த இளைஞரின் தியாகமா, அந்தக் காலணியா? எந்தக் கட்சி சரி, எந்தக் கட்சி தவறு என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. மூன்றாவது வரிசையில் நிற்க வேண்டியவர்கள் முதல் வரிசைக்கு முண்டினால் இறந்தவன் மறைந்துபோவான். அன்று அதுதான் நடந்தது.

ஆகவே கட்சிக் கொடி வேண்டாம். சாதிக் கொடி வேண்டவே வேண்டாம். நம் மாவட்டத்தில் இதை உரக்கச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்கிறேன். படையில் சேர்ந்த அன்றே அந்தப் பிள்ளை நாட்டுக்கெல்லாம் பிள்ளையாகிவிட்டான். அவனை மறுபடியும் ஒரு தெருவுக்குள் அடைக்காதீர்கள். அஞ்சலிப் பதாகை வைப்பதென்றால் அவர் படம் இருக்கட்டும், அவர் பெயர் இருக்கட்டும். கீழே வரிசையாக நம் முகங்கள் எதற்கு?

இனி மரியாதை நடக்கும் இடம். அங்கே என்ன நடக்கிறது என்று தெரிந்திருந்தால்தான் எப்படி நிற்பது என்று தெரியும். இடத்துக்கு இடம் வரிசை சற்று மாறும். பொதுவாக முதலில் மலர் வளையம் வைப்பார்கள். படை அதிகாரிகள், மாவட்ட ஆட்சியர், காவல்துறையினர், முன்னாள் படைவீரர் சங்கத்தார், பிறகு பொதுமக்கள். பெட்டியின் மேல் இருப்பது தேசியக் கொடி. மாலையையும் சால்வையையும் அதன்மேல் குவிக்காமல் பெட்டியின் அருகே வையுங்கள். கொடியின் காவி நிறம் தலைப்பக்கம் இருக்க வேண்டும் என்பது இந்தியக் கொடி விதி. கொடியைக் குழிக்குள் இறக்கக் கூடாது, சிதையில் எரிக்கக் கூடாது என்பதும் அதே விதி. அதனால்தான் கடைசியில் அதை மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுக்கிறார்கள். பாசத்தினால் கொடியும் அவனோடு போகட்டும் என்று யாரேனும் சொன்னால், தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள்.

பிறகு வீரர்கள் துப்பாக்கியைத் தலைகீழாகத் திருப்பி, குழல் முனையைக் காலணி மேல் ஊன்றித் தலை குனிந்து நிற்பார்கள். ஷோக் சஸ்த்ர என்று ஆணை ஒலிக்கும். ஆயுதமே துக்கம் காக்கிற நிலை அது. அடுத்து, மூன்று சுற்று வானை நோக்கிச் சுடுவார்கள். தோட்டாவில் குண்டு இருக்காது, ஓசை மட்டுமே. பயப்பட வேண்டாம். கைக்குழந்தைகளையும் முதியவர்களையும் முன்கூட்டியே சற்றுத் தள்ளி நிற்க வையுங்கள். கைதட்டாதீர்கள், விசில் அடிக்காதீர்கள். கீழே விழும் வெற்றுத் தோட்டாவைப் பொறுக்க ஓடாதீர்கள். நம் பக்கத்தில் சாவுக்கு வெடி போடும் வழக்கம் இருக்கிறது. அன்று ஒரு நாள் அதை விட்டுவிடுங்கள். துப்பாக்கி முழங்கும் இடத்தில் பட்டாசுச் சத்தமும் கலந்தால் கூட்டம் மிரளும்.

அதன்பின் பியூகிள் ஒலிக்கும். லாஸ்ட் போஸ்ட் என்பார்கள். பழைய பிரிட்டிஷ் பாசறைகளில் இரவுக் காவல் நிலைகளைச் சுற்றிப் பார்த்து முடிந்தது, நாள் நிறைந்தது என்று அறிவிக்க ஊதிய ஊதல் அது. காவல் பணி முடிந்தது, இனி நீ ஓய்வெடு என்று ஒரு வீரனுக்குப் படை சொல்லும் கடைசிச் செய்தியாக அதுவே ஆகிவிட்டது. அந்த நேரத்தில் இருக்கும் இடத்தில் அப்படியே நில்லுங்கள். நிமிர்ந்து நில்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டு நிற்கலாம், கூப்பியும் நிற்கலாம். தொப்பி இருந்தால் கழற்றுங்கள். நிற்க முடியாத முதியவர்கள் உட்கார்ந்தே இருக்கலாம், அதில் குறையே இல்லை. சீருடைக்காரர்கள் சல்யூட் செய்வார்கள். நாம் அவர்களைப் பார்த்து அதைச் செய்ய வேண்டியதில்லை. கைப்பேசி அணைந்திருக்கட்டும். செல்ஃபி என்ற பேச்சே வேண்டாம். முழக்கம் எழுப்புவதென்றால், அதுவும் குடும்பம் விரும்பினால், வண்டி வரும்போது எழுப்புங்கள். பியூகிளின்போது ஒரு குரலும் எழக் கூடாது.

அப்படியானால் அழக் கூடாதா? ஒப்பாரி வைக்கக் கூடாதா? ஆச்சிமார்கள் கேட்பீர்கள். தாராளமாக அழுங்கள். படையின் மொழி மௌனம். நம் வீட்டு மொழி ஒப்பாரி. இரண்டும் துக்கத்தின் மொழிகள்தான். பெற்ற தாய் மாரடித்து அழும்போது சத்தம் போடாதீர்கள் என்று அதட்ட யாருக்கும் உரிமை இல்லை. படையினரே காத்து நிற்பார்கள். நீர்மாலையோ, கோடியோ, வாய்க்கரிசியோ, அல்லது பள்ளிவாசல் தொழுகையோ, தேவாலய ஜெபமோ, அந்தக் குடும்பத்தின் கடன்களுக்கு இடம் உண்டு. எரிப்பதா புதைப்பதா என்பதும் குடும்பத்தின் முடிவு. உடன் வந்திருக்கும் படை அதிகாரியிடம் எது எப்போது என்று ஒருவர் மட்டும் பேசி ஒழுங்கு செய்துகொள்ளுங்கள். பத்துப் பேர் பேசினால் குழப்பம்தான்.

இரண்டு செய்திகளைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். ஒன்று, மனைவியைப் பற்றியது. பெண்கள் சுடுகாட்டுக்கு வரக் கூடாது என்று நம் பக்கத்தில் பல குடும்பங்களில் வழக்கம். ஒரு வீரனின் மனைவி கடைசிவரை உடன் வர விரும்பினால் அவளைத் தடுக்காதீர்கள். கொடியை அவள் கையில் கொடுக்கும்போது நடுவில் யாரும் கை நீட்டாதீர்கள். பொட்டழிப்பது, வளையல் உடைப்பது என்ற கொடுமைகளை இனி எந்த வீட்டிலும் செய்யாதீர்கள் என்பது என் வேண்டுகோள். அதுவும் கேமராக்களின் முன்னால் அவளை நிறுத்திச் செய்வதை எந்த மரபின் பேராலும் ஏற்க முடியாது. மற்றொன்று, பெட்டியைத் திறக்கச் சொல்வது. சில நேரம் பெட்டி மூடியே இருக்கும். அதற்குக் காரணம் இருக்கும். முகத்தைக் காட்டு என்று கூட்டம் வற்புறுத்தக் கூடாது. பார்ப்பதா வேண்டாமா என்பதைப் பெற்றவர்களும் மனைவியும் முடிவு செய்யட்டும்.

பேச்சுக்கு வருகிறேன். கேதம் விசாரிக்கப் போகும்போது நம் வாயிலிருந்து என்னென்ன வருகிறது? குண்டு எங்கே பட்டது? எவ்வளவு நேரம் உயிர் இருந்தது? அரசாங்கம் எத்தனை லட்சம் தரும்? வேலை யாருக்கு? இவை கேள்விகளா, அன்பர்களே? நாட்டுக்காகப் போயிருக்கிறான், நீ அழக் கூடாது, பெருமைப்பட வேண்டும் என்று சொல்வதும் வேண்டாம். பெருமை நமக்கு, இழப்பு அவளுக்கு. அழாதே என்று சொல்ல நாம் யார்? பேச வார்த்தை வரவில்லையா, பக்கத்தில் உட்காருங்கள். அவனைச் சின்ன வயதில் தெரியும் என்றால், அவன் குறும்பை, அவன் நல்ல குணத்தைச் சொல்லுங்கள். தாய்க்கு அந்தச் சொல்தான் பிடிமானம்.

நேரில் போவதே பெரிய மரியாதை என்பதையும் மறக்காதீர்கள். 1971 போரை வென்று தந்த ஃபீல்டு மார்ஷல் மானெக்‌ஷா 2008 ஜூன் 27 அன்று வெலிங்டனில் காலமானார். ஊட்டி பார்சி மயானத்தில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். அன்றைய பாதுகாப்பு அமைச்சரும் முப்படைத் தளபதிகளும் நேரில் வராதது நாடெங்கும் வருத்தத்தை உண்டாக்கியது. வளையங்கள் இருந்தன, வேட்டுகள் முழங்கின, ஆனால் வர வேண்டியவர்கள் வரவில்லை. இன்றும் அந்தக் குறை பேசப்படுகிறது.

இன்னொன்று. எல்லைச் சண்டையில் இறந்தவருக்கு ஊரே திரள்கிறது. பணியில் இருக்கும்போது நோயில் இறந்தவருக்கு? பனிச்சரிவில், சாலை விபத்தில் இறந்தவருக்கு? ஓய்வுபெற்று வீட்டில் கண்மூடிய சுபேதாருக்கு? எப்படி இறந்தார் என்பதைப் பொறுத்துப் படை செய்யும் மரியாதை மாறலாம், அதற்கு விதிகள் இருக்கின்றன. ஊர் செய்யும் மரியாதை மாறக் கூடாது. ஓய்வுபெற்றவர் இறந்தால் உடனே கடையில் கொடி வாங்கிப் போர்த்திவிடாதீர்கள். அரசு மரியாதை, படை மரியாதை, துணை ராணுவ மரியாதை ஆகியவற்றுக்கு வெளியே கொடியைப் போர்த்துவது 1971-ஆம் ஆண்டின் தேசிய மரியாதை அவமதிப்புத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அவர்கள் வழி சொல்வார்கள்.

பெரியோர்களே, அடக்கம் முடிந்து வண்டிகள் திரும்பிய பிறகுதான் நம் பண்பாட்டுக்கு உண்மையான சோதனை தொடங்குகிறது. பதினாறாம் நாள்வரை கூட்டம் இருக்கும். மூன்றாம் மாதம் யார் போகிறார்கள்? ஓய்வூதியத் தாள்களோடு அந்தப் பெண் அலுவலகம் அலுவலகமாக அலையும்போது யார் உடன் போகிறார்கள்? பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை யார் விசாரிக்கிறார்கள்? நினைவுத் தூணில் வெயிலில் அழிந்த பெயருக்கு மறுபடி சாயம் பூசுவது யார்? நடுகல் நட்ட ஊர் படையலிடுவதையும் வாழ்த்துவதையும் கடமையாக வைத்திருந்தது. கல்லை நட்டதோடு வேலை முடிந்தது என்று அது நினைக்கவில்லை.

ஆகவே உங்கள் அனைவரிடமும் இதைக் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 படைவீரர் கொடிநாள். 1949 முதல் நாடு அதைக் கடைப்பிடிக்கிறது. அன்று உண்டியலில் காசு போட்டுச் சட்டையில் கொடி குத்திக்கொள்வதோடு நின்றுவிடாதீர்கள். உங்கள் ஊரில், பக்கத்து ஊரில், படைவீரனை இழந்த வீடு எது என்று விசாரியுங்கள். குடும்பத்தோடு அந்த வீட்டுக்குப் போங்கள். என்ன உதவி வேண்டும் என்று கேட்டு, கேட்டதைச் செய்து முடியுங்கள். பள்ளி ஆசிரியர்கள் இந்த முறைகளைப் பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பிலாவது சொல்லிக் கொடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி, வீரனின் இறுதி மரியாதையில் கட்சிக் கொடியும் சாதிக் கொடியும் கிடையாது என்று இப்போதே முடிவெடுத்து அறிவியுங்கள். சாவு வந்த பிறகு முடிவெடுக்க நேரம் இருக்காது.